பதினேழு மிடறு தண்ணீர்

பன்னிரண்டு வருடமாக என் மோட்டார் சைக்கிளுக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்: காலையில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை, மாலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் எனக்கு எழுத்து வேலை. பிறந்து வளர்ந்ததும் கொட்டாஞ்சேனையில்தான். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்குக் குடிபோனவன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கத் தெஹிவளைவரை போனால் அதுவே அந்த வண்டிக்கு உல்லாசப் பயணம். அப்படிப்பட்ட வண்டியில் யாழ்ப்பாணம் போய் வாருங்கள் என்று என் மனைவி வத்சலா சொன்னபோது, வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்து அவளைப் பார்த்தேன்.

"பஸ்ல போனா என்ன?" என்று கேட்டேன்.

"நீங்கள் போவியள். அப்பா வரமாட்டார். பஸ் எண்டாலும் வான் எண்டாலும் அவருக்கு வயித்தைப் பிரட்டிச் சத்திதான். முப்பது வருசம் பைக்கிலை திரிஞ்ச மனுசன். பைக் எண்டால் ஏறுவார்."

மாமா அரசாங்கத்தில் வீதி ஓவசியராக இருந்தவர். தெற்கிலும் வடக்கிலும் அவர் மேற்பார்த்துக் கல்லும் தாரும் போட்ட தெருக்கள் பல. இப்போது எழுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்து வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. இனியும் தாமதித்தால் ஒரு கண் மீளாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்தாயிற்று. சமாதானம் என்று பாதை திறந்தபிறகு வத்சலா இரண்டு தடவை பஸ்ஸில் போய்க் கூப்பிட்டும் அவர் வரவில்லை. பஸ் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் நான்.

எங்கள் கல்யாணம் தொண்ணூறாம் ஆண்டு நடந்தது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கனான என்னைத் தன் மகள் கட்டுவதில் மாமாவுக்குப் பெரிய சந்தோசம் இருக்கவில்லை. ஆனாலும் மாமிக்குச் சுகமில்லாததால் தனியாக ரயிலேறி வந்து, முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் காலையே ஊருக்குப் புறப்பட்டார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்த நேரம், புது மருமகன் பேசாமல் நின்றால் மரியாதையில்லையே என்று நான் முகம் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்டேன்:

"எங்க மாமா போறீங்க?"

அவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து வத்சலா "ஐயோ" என்றது கேட்டது. நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடும் ஒருவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரவோ?" என்பார்கள். யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், திரும்பி வந்து கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். மாமா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உட்காராமலே போய்விட்டார்.

சில நாட்களில் மறுபடி சண்டை தொடங்கியது. ரயில் நின்றது. பாதை பூட்டப்பட்டது. ஐந்து வருடம் கழித்து ஊரே இடம்பெயர்ந்தபோது, மாமி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுத்த பாயில் இறந்துபோனார். அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. மாமாவின் கடிதத்தில் என்னைப்பற்றி ஒரே ஒரு வரி: "உன்ரை மனுசன் அண்டைக்குக் கேட்ட கேள்வி." அவ்வளவுதான். வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை.

வத்சலா அதைச் சொல்லி என்னை ஒருநாளும் குறைகூறியதில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

புறப்படுவதற்கு முதல்நாள் வண்டியைத் தெமட்டகொடையில் நிஸாம் நானாவிடம் கொண்டுபோனேன். நானா எண்ணெய் மாற்றினார், பிளக் மாற்றினார், டயரை விரலால் சுண்டிப் பார்த்தார். நான் போகுமிடத்தைச் சொன்னதும் சுண்டிய விரலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வண்டி போகும். நீங்க போவீங்களாண்டுதான் தெரியல்ல. அம்பது மைல் கட்டைக்கு ஒருக்கா எறக்கி நெழல்ல வைங்க. வண்டிக்கில்ல, ஒங்களுக்கு."

வத்சலா தன் பங்குக்கு இரண்டு ஏற்பாடுகள் செய்தாள். பின் சீட்டில் இரண்டாவது ஹெல்மெட் ஒன்றை ரப்பர்ப் பட்டியால் இழுத்துக் கட்டினாள். ஒரு தண்ணீர்ப் போத்தலில் கயிறு போட்டு என் கழுத்தில் மாட்டினாள்.

"வழிநெடுக ஆமிக்காரர் 'எங்கை' எண்டுதான் கேப்பினம். கேக்கிற ஒவ்வொருக்காலும் வண்டியை நிப்பாட்டி, இருந்து, ஒரு மிடறு குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

"நான் வேதக்காரன். எனக்கு இதெல்லாம் வேலை செய்யாது."

"எனக்காண்டிக் குடியுங்கோ," என்றாள். கயிற்றைக் கழுத்தில் சரிசெய்துகொண்டேன்.

முதல் நாள்

முதல் 'எங்கே' வீட்டிலிருந்து ஐந்தாவது நிமிடத்தில் வந்தது. வெள்ளவத்தைப் பாலத்தடியில் ஒரு இராணுவத்தான் டோர்ச் அடித்து மறித்தான்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய்?

"யாப்பனய," என்றேன். யாழ்ப்பாணம். சொல்லிவிட்டு வண்டியை ஓரங்கட்டி, சீட்டில் சரியாக உட்கார்ந்து, போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன். அவனுக்கு அது சந்தேகமாகப் போய்விட்டது. போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தான். பிறகு இரண்டாவது ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் துழாவினான்.

"இது யாருக்கு?"

"மாமனாருக்கு."

"அவர் எங்கே?"

"அங்கே இருக்கிறார்."

"உன்னோடு வருவாரா?"

அதுதான் எனக்கும் தெரியாது என்று சொல்லுமளவுக்கு என் சிங்களம் போதவில்லை. தோளைக் குலுக்கினேன். விட்டுவிட்டான்.

கொட்டாஞ்சேனையைத் தாண்டும்போது வழக்கமாக அலுவலகத்துக்குத் திரும்புகிற சந்தியில் வண்டி தானாகவே வேகம் குறைந்தது. கையின் பழக்கம். அதைத் தாண்டி களனிப் பாலத்தில் ஏறியதும் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பயம் வந்தது. இனிமேல் எல்லாம் புதுத்தெரு.

முதல் முப்பது மைல் நன்றாக இருந்தது. அடுத்த முப்பதில் முதுகு வலித்தது. அதற்கப்புறம் கைகளும் நோவெடுத்து, கிளச் பிடித்த விரல்கள் நிமிர மறுத்தன. தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு சிங்கள அம்மாவின் கடையில் நிறுத்தினேன். தேங்காய் ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும். வெள்ளவத்தைக் கடைகளில் இதே சம்பலில் எலுமிச்சம்புளி கூடும். இந்த அம்மா மாசிக் கருவாட்டுத் தூளை அள்ளிப் போட்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். எழும்பும்போது அவரும் அன்பாகக் கேட்டார்: "எங்கே போகிறாய், புத்தா?" புத்தா என்றால் மகன். மறுபடி உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். சம்பல் உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் ஒரு துண்டு சக்கரை கொண்டுவந்து கையில் வைத்தார்.

வவுனியாவைத் தாண்டுவதற்குள் பதினைந்து மிடறு ஆகிவிட்டது. அதற்கு அப்பால் இராணுவத்தின் கடைசிக் காவலரணுக்கும் போராளி இயக்கத்தின் முதல் காவலரணுக்கும் இடையில் ஒரு வெற்றுநிலம். இந்த நாட்டுக்குள்ளேயே இன்னொரு நாட்டுக்குப் போகிறமாதிரி. படிவம் நிரப்ப வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். அதைவிட வேடிக்கை, மணிக்கூட்டையும் திருப்ப வேண்டும். கொழும்பு நேரத்துக்கு இயக்கத்தின் வன்னி நேரம் அரைமணி பின்னால். கைக்கடிகாரத்தை அரைமணி பின்னுக்கு வைத்தபோது, சும்மா கிடைத்த அந்த அரைமணி நேரத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

படிவத்தை வாங்கிய பெண் பிள்ளை இருபது வயதுகூட இருக்கமாட்டாள். என் புழுதி முகத்தைப் பார்த்துவிட்டு "தூரமோ அண்ணை?" என்று கேட்டாள். அன்று முழுவதும் என்னிடம் முறையாகக் கேட்ட ஒரே ஆள். ஆனால் படிவத்தில் 'போகுமிடம்' என்று அச்சடித்திருந்தது. எழுத்தில் கேட்டாலும் கேள்விதானே என்று அதற்கும் ஒரு மிடறு குடித்தேன்.

அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்? அங்கேதான் நான் யோசிக்காத இடம் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி. தாரை விட்டு ஒரு அடி இறங்கக்கூடாது. இறங்கினால் கால் போகும், அல்லது உயிர் போகும். நடுத்தெருவில் நின்று காரியம் முடிக்கலாம் என்றால், முன்னாலும் பின்னாலும் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. பதினாறு மிடறு தண்ணீரோடு, ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போடுகிற வண்டியில், பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது மைல் போனேன். என் மனைவியை அன்றைக்கு நினைத்ததுபோல் நான் என்றைக்கும் நினைத்ததில்லை. கிளிநொச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறத்துக்கு ஓடியபோது, கடைக்காரர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே எனக்குப் பின்னால் வந்தார்.

குழிகளைக் குழி என்று சொல்வது பிழை. சிலதில் என் வண்டியை முழுதாகப் படுக்கவைக்கலாம். ஓரிடத்தில் செயின் கழன்று விழுந்தது. தெருவிலேயே குந்தியிருந்து மாட்டினேன். கை கறுப்பாகி, அந்தக் கையால் துடைத்த முகமும் கறுப்பாகி, ஒருவழியாக யாழ்ப்பாணத்துக்குள் விடும் கடைசிக் கதவை நெருங்கியபோது மணி ஐந்து. கதவு ஐந்தரைக்குத்தான் பூட்டும். ஆறுதலாக ஒரு இளநீர் குடித்தேன். அங்கே நின்ற பொடியன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதறினான்.

"அண்ணை, உது எங்கடை நேரம்! அங்காலை ஆமியின்ரை நேரம் இப்ப ஐஞ்சரை. ஓடுங்கோ!"

மத்தியானம் சும்மா கிடைத்த அரைமணி நேரத்தை அங்கே பறிகொடுத்தேன். இடைநிலத்தைக் கடந்து பறந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு இராணுவத்தான் தடுப்புக் கட்டையைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். கையை உயர்த்திக் கத்தினேன். பாதியில் நிறுத்தினான். இளம் முகம், பொத்தான் இறுக்கிப் பூட்டிய கழுத்து.

"கொஹெத யன்னே?"

கதவு பூட்டுகிற நேரத்திலும் நான் சீட்டில் உட்கார்ந்து போத்தலைத் திறந்தேன். அவனுக்குக் கோபம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்ன குடி என்றான். எனக்கும் களைப்பில் கோபம் வந்தது. தெரிந்த சிங்களத்தையெல்லாம் சேர்த்து விளக்கினேன்: எங்கள் ஆட்கள் பயணம் போகிறவனை எங்கே என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். காலையிலிருந்து இது பதினேழாவது தடவை.

"அப்படியென்றால் என்னவென்று கேட்பீர்கள்?"

"தூரவோ."

அவன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். "துரத?" என்றான். நான் திடுக்கிட்டேன். சிங்களத்தில் அதற்கு அர்த்தம் 'தூரமா?' என்பதுதான். இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சொல். வெள்ளவத்தையில் பன்னிரண்டு வருடம் குடியிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அவன் சிரித்துக்கொண்டு கட்டையை உயர்த்தினான்.

மாமாவின் வீட்டு வாசற் படலையில் நான் வண்டியை நிறுத்தியபோது என்னால் கீழே இறங்க முடியவில்லை. காலைத் தூக்கினால் அது வரவில்லை. மாமா வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"ஆர்?"

"றெஜி, மாமா. வத்சலாட..."

மாமா வண்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "கொழும்பிலையிருந்து உதிலையோ வந்தனீர்?"

"ஓம்."

"ம். வாரும். கிணத்தடியிலை தண்ணி கிடக்கு."

இரண்டாம் நாள்

காலையில் எழும்பியபோது என் உடம்பு எனக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை. மாமா தானே இடியப்பம் அவித்து, சொதியும் சம்பலும் வைத்திருந்தார். கண் மங்கிய மனுசர் தட்டைத் தடவித் தடவி எனக்குப் பரிமாறினார். நான் எடுத்துப்போடுகிறேன் என்றேன். "இரும்" என்றார். வத்சலா வைக்கும் அதே சொதி. அதே அளவு பால், அதே அளவு புளி. அவள் இதை யாரிடம் பழகினாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. என் வண்டியோடு பேசினார். முற்றத்தில் அதன் பக்கத்தில் குந்தியிருந்து, டயரை, கம்பிகளை, செயினை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"செயின் தொங்குது. ஆர் மாட்டினது?"

"நான்தான் மாமா. வழியில கழண்டுபோச்சு."

"தெரியுது," என்றார்.

உள்ளே போய்ப் பழைய ஸ்பானர்ப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணால் பார்க்காமலே பின்சில்லை இழுத்துச் செயினை இறுக்கினார். எழும்பும்போது அவருடைய கை பின் சீட்டிலிருந்த ஹெல்மெட்டில் பட்டது. அதையும் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது.

"இதென்ன ரெண்டாவது?"

"வத்சலா கட்டி அனுப்பினது."

அவர் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண் ஆப்பரேசன் நாளைச் சொல்ல வேண்டும், கூட வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டும் என்று வழிநெடுகப் பாடமாக்கி வந்திருந்தேன். அன்று முழுவதும் ஒரு சொல் வாயில் வரவில்லை. படுக்கப்போகும்போது மட்டும், "நாளைக்குக் காலையில போறேன் மாமா. வத்சலா நாள் எடுத்து வச்சிருக்கா," என்றேன். அவர் விளக்கைத் தணித்துவிட்டு, "படும்" என்றார்.

மூன்றாம் நாள்

விடிந்ததும் பையைக் கட்டினேன். வண்டியை முற்றத்துக்கு உருட்டினேன். மாமாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. வெற்று ஹெல்மெட்டோடு வத்சலாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தபடி ரப்பர்ப் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

மாமா நீளக் காற்சட்டை போட்டிருந்தார். அவரை வேட்டியில் தவிர நான் பார்த்ததில்லை. கையில் ஒரு பை. மழித்த முகம். வாசற்படிக்கு வந்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டு நின்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நின்ற அதே மாதிரி. என்னைப் பார்த்தபடி, எதையோ எதிர்பார்த்துக்கொண்டு.

என் நாக்கின் நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. பழக்கதோசம். கடித்து விழுங்கினேன்.

"தூரவோ, மாமா?"

அவர் மூச்சை விட்டார். "ஓம்," என்றார். "தூரந்தான். அந்த ஹெல்மெட்டைத் தாரும்."

எனக்கு அழுகை வந்தது. என் முகத்தைத் தெளிவாகப் பார்க்க அவருக்குக் கண் இல்லாதது அந்த நேரத்தில் எனக்கு வசதியாக இருந்தது.

வண்டியில் ஏறியவர் என்னைப் பிடிக்கவில்லை. பின்னாலிருந்த கரியரைப் பிடித்துக்கொண்டார். எல்லைக் கதவில் வரிசை நீளமாக இருந்தது. கட்டையடியில் அதே இராணுவத்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. குனிந்து பின்னாலிருந்த கிழவரைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டான்:

"சீயா, துரத?"

தாத்தா, தூரமா? மாமா தெற்கில் வேலை செய்தவர். நல்ல சிங்களம் தெரிந்தவர். தலையைத் திருப்பி அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"துரய், புத்தே," என்றார். தூரம் மகனே. "பொஹொம துரய்." மிகவும் தூரம்.

இடைநிலத்தைத் தாண்டிய பிறகு காதுக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"உவனுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான் மாமா."

முதல் பெரிய குழி வந்தது. வண்டி எகிறியது. கரியரைப் பிடித்திருந்த கை என் தோளுக்கு வந்தது. குழி போனபிறகும் அங்கேயே இருந்தது.

வன்னி முழுக்க அவர் தெருவைத் திட்டிக்கொண்டே வந்தார். "இதிலை கல்லுப் போட்டவன் ஆர்? தண்ணி ஓட வழி விடாமல் போட்டிருக்கிறான்." "இடப்பக்கம் எடும், வலப்பக்கம் பள்ளமாயிருக்கும்." கண் தெரியாத மனுசர் வண்டி ஆடுவதை வைத்தே தெருவைப் படித்தார். சொன்ன இடமெல்லாம் சரியாக இருந்தது. வரும்போது எனக்கு ஐந்து மணித்தியாலம் எடுத்த தூரத்தை நாலரையில் கடந்தோம். வவுனியாவில் வத்சலாவின் சித்தி வீட்டில் தங்கினோம். "உம்மடை முதுகைக் கொஞ்சம் நிமித்தி ஓடும், நாளைக்கு நோகாது," என்றுவிட்டு மாமா எனக்கு முன்னாலே படுத்துவிட்டார்.

நாலாம் நாள்

பின்னேரம் களனிப் பாலத்தை இறங்கியபோது துறைமுகத்தின் உப்புக்காற்று முகத்தில் பட்டது. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த தேநீர்க் கடையில் நிறுத்தினேன். மாமாவுக்குக் கால் விறைத்துப்போயிருந்தது. கைபிடித்து மர வாங்கில் உட்காரவைத்தேன்.

உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் பூக்கூடை கொண்டுபோகும் செல்லம்மாக்கா தெருவின் மறுபக்கத்திலிருந்து கத்தினார். "என்னா தம்பி, நாலு நாளா காணோம், எங்க போன?" நான் கையை ஆட்டினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். ஓட்டோ ஒன்று வேகம் குறைத்தது. உள்ளேயிருந்து என்னோடு படித்த மரியதாஸ் தலையை நீட்டினான். "எங்க மச்சான்?" என்றான், சிரித்தான், போனான். கடைக்காரர் பிளேன்டீயை வைத்துக்கொண்டே, "எங்க, பெரியவர கூட்டிக்கிட்டு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மேசைக்கு நடந்தார்.

நான் ஒவ்வொரு 'எங்க'வுக்கும் கூனிக்குறுகிக்கொண்டிருந்தேன். போத்தலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாமா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இஞ்சை என்ன, எல்லாரும் 'எங்கை, எங்கை' எண்டு கேக்கினம்?"

"எங்கட பக்கம் அது கேள்வி இல்ல மாமா. சுகமா இருக்கியாண்டு கேக்கிறமாதிரி. தெரிஞ்சவங்களப் பாத்தா வாயில தன்னால வரும். பதில் சொல்லணும்ன்டுகூட இல்ல."

மாமா கோப்பையைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். தேநீரில் ஆவி அடங்கிவிட்டது.

"அப்ப, அண்டைக்கு நீர் என்னைக் கேட்டது?"

"சுகமாப் போயிட்டு வாங்க மாமாங்கிறதுதான். எங்க வீட்டில அப்பா வெளிய போகக்குள்ளயும் அப்பிடித்தான் கேப்போம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கை மேசையில் தட்டுப்பட்டு, தேநீர் கொஞ்சம் சிந்தியது.

"வத்சலான்ரை அம்மா போகேக்கை பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. டாக்டர் இல்லை, மருந்தில்லை, பிள்ளை இல்லை. ஆரிலையாவது பிழையைப் போடாமல் என்னாலை இருக்கேலாமல் கிடந்துது, தம்பி. நீர்தான் கையிலை ஆம்பிட்டீர்."

நாலு நாளில் முதல்தடவையாகத் தம்பி என்றார். "பரவாயில்ல மாமா," என்றேன். உண்மையாகவே அந்த நிமிடத்தில் எனக்கு அது பரவாயில்லாமல்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் நான் சுமந்ததைவிட அவர் சுமந்தது கனம் கூடியது.

காலி நகருக்குப் போகும் காலி வீதியில் வாகன நெரிசல். வெள்ளவத்தைப் பாலத்தடியில் முதல்நாள் போத்தலை முகர்ந்த அதே இராணுவத்தான் கையைக் காட்டி மறித்தான். பின் சீட்டில் ஹெல்மெட்டுக்குள் ஒரு தலை இருப்பதைக் கண்டு கொஞ்சம் குனிந்து பார்த்தான். ஆனாலும் கடமை கடமைதானே.

"கொஹெத யன்னே?"

என் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமா பதில் சொன்னார். தெளிவாக, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி:

"மகே துவ லங்கட்ட."

என் மகளிடம்.

இராணுவத்தான் சிரித்து வழிவிட்டான். நான் போத்தலைக் கழற்றிப் பின்னால் நீட்டினேன். "ஒரு மிடறு குடிச்சிடுங்க மாமா. வத்சலா கேப்பா."

"அவளுக்கு நான் சொல்லுறன். நீர் இனி ஒருத்தர் கேட்டதுக்கும் தண்ணி குடிக்க வேண்டாம்," என்றார்.

எங்கள் ஒழுங்கை முனையில் வண்டியைத் திருப்பினேன். இரண்டாம் மாடி பல்கனியில் வத்சலா நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநிமிடம் பல்கனி வெறுமையாகிவிட்டது. படிக்கட்டில் செருப்பில்லாமல் ஓடிவரும் சத்தம் கேட்டது. மாமாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். என் தோளை அழுத்தினார்.

"நில்லும், நில்லும். வத்சலாவோ வாறாள்?"

"ஓம் மாமா, வாறா."

அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். என் தோளில் தொங்கிய போத்தலைத் தடவி வாங்கி, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் உள்ளங்கையில் ஊற்றினார்.

"முகம் கழுவ வேணும், தம்பி. பிள்ளை என்னைப் புழுதியோடை பாக்கக்கூடாது."